ஆக்னஸின் ஒருசந்தி

ஆக்னஸுக்குச் சந்தேகம்தான் பிழைப்பு. விமானங்களுக்கு மின்னணுப் பெட்டிகள் செய்யும் பெரிய ஆலைக்குப் பித்தளை ஊசிகள் கடைந்து கொடுக்கிற ஒரு சின்னப் பட்டறை பாலாநகரில் இருக்கிறது. அதில் அவள் இன்ஸ்பெக்டர். லேத் ஓட்டுகிறவன் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சத்தியம் பண்ணித் தட்டை நீட்டுவான். அவன் சத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு இவள் மைக்ரோமீட்டரைக் கையில் எடுப்பாள். ஒரு தலைமுடி அளவு கூடினாலும் குறைந்தாலும் ஊசி சிவப்பு டப்பாவுக்குப் போகும். போட்டால் மட்டும் ஆகாது, ஏன் போட்டோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். கத்தி மழுங்கியதா, பித்தளை மட்டமா, ஓட்டியவன் தூங்கினானா? காரணம் இல்லாமல் எதுவும் கெட்டுப்போகாது என்பதுதான் அந்தப் பட்டறையின் வேதம். அதை ஓதி ஓதியே அவள் முப்பத்து மூன்று வயதுக்கு வந்துவிட்டாள்.

இந்தப் புத்தியைப் பட்டறையில் பூட்டிவிட்டு வர முடியுமா? செகந்திராபாத் லோத்குண்டாவில், ராணுவத்துக்காரர்களின் நீளமான மதிலை ஒட்டிய சந்துக்குள் அவர்கள் வீடு. அந்தச் சந்துக்கு வரும் காய் வண்டிக்காரன் ஆக்னஸ் வாசலில் நிற்பதைப் பார்த்தால் தராசைத் தானே ஒருமுறை துடைத்துக்கொள்வான். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பார்க்காமல் அவள் டப்பாவில் கொட்டியதில்லை. அவள் புருஷன் சுனில் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக், தமாஷ் பேர்வழி. "ஏசுநாதரே வந்து காயத்தைக் காட்டினாலும் இவ ஸ்கேல் வச்சு அளந்துட்டுத்தான் முழங்கால் போடுவா" என்பான். அவளுடைய தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதனால் ஆக்னஸுக்குச் செபம் தமிழில், கணக்கு இங்கிலீஷில், சண்டை உருதுவில்.

இப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கரு கலைந்தது. காரணம் கேட்டாள். சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளது தோளைத் தட்டி, "காரணமெல்லாம் இருக்காதும்மா. இயற்கை, அடுத்தது நிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஆக்னஸுக்கு அந்த டாக்டரம்மாவை அங்கேயே சிவப்பு டப்பாவில் போடலாம் போல இருந்தது. ஒரு பித்தளை ஊசி போனாலே காரணம் எழுதுகிறோம், ஒரு பிள்ளை போனதற்குக் காரணம் கிடையாதாம்! அவள் அழுது முடித்துவிட்டுத் தானே தேட ஆரம்பித்தாள். தேடுகிறவளுக்குக் கிடைக்காமல் போகுமா? கிடைத்தது.

மாமியார் அன்னம்மாள்.

ரத்தம் கண்ட அன்றைக்கு முந்தின சாயங்காலம் ஆக்னஸுக்கு வயிறு உப்புசமாக இருந்தது. அன்னம்மாள் அடுப்படிக்குப் போய் ஓமக் கஷாயம் போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்தபோது தம்ளரின் அடியில் கறுப்பாக ஏழெட்டு மணி ஒட்டியிருந்தது. ஓமம் கறுப்பாகவா இருக்கும்? கருஞ்சீரகம் கருவைக் கலைக்கும் என்று யாரோ சொன்னது ஆக்னஸுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் கஷாயம், விடிந்தால் ரத்தம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கொலைக்கு நோக்கம் வேண்டுமே என்று மனசு கேட்டது. அதற்கும் அவளே பதில் கண்டுபிடித்தாள். அன்னம்மாளின் மகள் சபீனா அல்வாலில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. தன் மகள் மடியில் இல்லாதது மருமகள் மடியில் மட்டும் எதற்கு என்று தாய்மனசு நினைக்காதா? நினைத்திருக்கும் என்று சில நாள் தோன்றும். சேச்சே, அந்த அளவுக்குப் போகிறவள் இல்லை, அஜாக்கிரதையாகத்தான் போட்டிருப்பாள் என்று சில நாள் தோன்றும். ஆக மொத்தம் பிள்ளை போனது அந்தக் கையால்தான் என்பதில் மட்டும் அவளுக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சுனிலிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வீடு இரண்டாகும். ஆனால் அன்றிலிருந்து அன்னம்மாள் போடும் டீயை "இப்பத்தான் குடிச்சேன் அத்தை" என்று தள்ளினாள். காலை டிபனை "லேட்டாயிடுச்சு அத்தை" என்று தாண்டினாள். ராத்திரிச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கவும் செய்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் அவளுக்கு நல்ல பேர் கிடைத்தது. வேண்டாத இடத்திலெல்லாம் நல்ல பேர் வந்து சேரும்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது உறுதியானது. பாத்ரூமுக்குள் டெஸ்ட் பட்டையில் இரண்டு கோடுகளைப் பார்த்ததும் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. கதவைத் திறந்து சுனிலை உள்ளே இழுத்துக் காட்டினாள்.

அவன் கண் கலங்கிப்போனான். "அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"நக்கோ, வேணாம்!" என்று அவன் வாயைப் பொத்தினாள். "மூணு மாசம் முடியிற வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. போன தடவை உங்கம்மா செபக்கூட்டத்துல சொல்லி, பாதி செகந்திராபாத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஆறு மாசம் ஒவ்வொருத்தியா வந்து துக்கம் கேட்டாளுங்க. மறந்துட்டீங்களா?"

"அது சரி. ஆனா அம்மாவுக்குமா?"

"அவங்களுக்குத்தான் முதல்ல தெரியக்கூடாது."

"கைக்கு? ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "சரி, சரி. ஹவ். சொல்லல."

முதல் மூன்று மாசம் வெளியே சொல்லாமல் இருப்பது ஊர் வழக்கம்தானே என்று அவன் சமாதானம் செய்துகொண்டான். அவள் கணக்கு வேறு. மாமியாருக்குத் தெரிந்தால் பத்தியம் என்று வரும், கஷாயம் என்று வரும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்தக் கை இந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே வரக்கூடாது.

ஆனால் வாய்க்குமட்டலை எங்கே ஒளிப்பது? குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கலாம். காலையிலும் சாயங்காலத்திலும் எதையும் தொடாமல் இருப்பதற்கு என்ன சொல்வது? அங்கேதான் திருச்சபை கைகொடுத்தது. விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு அவள் அறிவித்தாள்.

"அத்தை, இந்த வருஷம் நாப்பது நாளும் நான் ஒருசந்தி இருக்கப்போறேன். ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவும் பட்டறை கேன்டீன்ல."

அன்னம்மாள் அவளையே பார்த்தாள். அறுபத்தாறு வயது, அரக்கோணத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். பெரிய வெள்ளிக்கிழமை ஒன்றைத் தவிர ஆக்னஸ் ஒருநாளும் ஒருசந்தி இருந்து அவள் பார்த்ததில்லை.

"என்னாம்மா கருத்துக்கு?" என்றாள் மெதுவாக. எந்த வேண்டுதலுக்காக என்று அர்த்தம்.

"சும்மாதான் அத்தை."

அன்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த அழுகை எதற்கு? ஏதோ மோப்பம் பிடித்துவிட்டாளோ? ஆக்னஸ் அன்று முழுக்க அந்தக் கண்ணீரையே உரசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருசந்தி நன்றாகவே ஓடியது. தவம் என்று பேர், வேலைக்குக் கிளம்பி நாலு தெரு தாண்டியதும் ஸ்கூட்டியை நிறுத்தி பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்பாள். பட்டறையில் தயிர்சாதம். சாயங்காலம் வரும் வழியில் அவித்த கடலை. ராத்திரி வழக்கம்போல எல்லோருக்கும் சமைத்துவிட்டு, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சுனில் ஒளித்துக்கொண்டுவரும் சப்பாத்தியைத் தின்பாள். திருடித் தின்கிற பூனைக்குக்கூட அவ்வளவு ஜாக்கிரதை இருக்காது. செபக்கூட்டத்தில் அன்னம்மாள் மருமகளின் தவத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு கிழவிகள் ஆக்னஸின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்கள். அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

முதல் ஸ்கேனுக்கு அல்வாலில் புதிதாகப் பார்த்துவைத்த டாக்டர் ப்ரியம்வதாவிடம் போனாள். பழைய ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிப்பதில்லை என்று சபதம். இந்த டாக்டர் கோயம்புத்தூர்க்காரி, வேலை கிடைத்துச் சமீபத்தில் இங்கே வந்தவள். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தாள்.

"பை தெரியுதுங்க. உள்ளே இன்னும் தெளிவா வரலை. ரொம்ப ஆரம்பம். ரெண்டு மூணு வாரம் கழிச்சு வாங்க, இதயத்துடிப்பு பாத்துடலாம்."

"ஏதாவது பிரச்சினையா மேடம்?"

"இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க."

எதுவும் சொல்ல முடியாது என்றால் என்ன அர்த்தம்? சொல்ல ஏதோ இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன் என்றா? திரையை ஏன் திருப்பி வைத்தாள்? பையைப் பற்றிச் சொல்லும்போது குரல் ஏன் இறங்கியது? பட்டறையில் தட்டை நீட்டும்போது குரலை இறக்குகிறவனிடம் கட்டாயம் ஒரு பழுது இருக்கும், அது அவளுக்கு அத்துப்படி. அந்த வாரங்கள் ஆக்னஸுக்கு நரகமாகப் போயின. குமட்டினால் குமட்டுகிறதே என்று பயம். ஒருநாள் குமட்டவில்லை என்றால் ஐயோ நின்றுவிட்டதோ என்று அதைவிடப் பயம். போயின்பள்ளி ரோட்டில் ஸ்கூட்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்வாள். எதிரே வரும் லாரிமேலும் சந்தேகம், தன் உடம்புமேலும் சந்தேகம்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு காட்சி. பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்த ஒருநாள், அன்னம்மாள் பின்கட்டில் சபீனாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"இல்லடி, அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா வேணாம்னு சொல்லுவா... நான் ஜாக்கிரதையாத்தான் இருக்கறேன்... ஈஸ்டர் வரைக்கும் தள்ளிட்டா போதும். நீயும் வாயைத் தொறக்காதே."

தாயும் மகளும் கூட்டுச் சேர்ந்து எதை மறைக்கிறார்கள்? ஈஸ்டர் வரைக்கும் எதைத் தள்ளுவது? பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஒளித்துத் தின்கிறவளுக்கு ஒளித்துப் பேசுகிறவளைப் பார்த்தால் விட்டுவிட முடியுமா? அன்று முதல் தண்ணீர் பாட்டிலைக்கூட அவள் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். கவனித்தபோது இன்னும் சில விஷயங்கள் தட்டுப்பட்டன. அன்னம்மாள் முன்போல நடமாடுவதில்லை. ராத்திரித் தட்டை வாங்கிக்கொண்டு, தனியாகச் சாப்பிடுகிறேன் என்று பின்கட்டுக்குப் போகிறாள். ஆக்னஸ் உள்ளே வந்தால் சட்டென்று எதையோ மூடுகிறாள். குற்றவாளிக்குத்தான் இப்படி நிழல் பார்த்து நடக்கத் தோன்றும் என்று ஆக்னஸ் முடிவு கட்டினாள்.

அப்படி இருந்தும் ஒரு தப்பு நடந்துபோயிற்று. ஒரு சாயங்காலம் பசி பொறுக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லை, அன்னம்மாள் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அடுப்படியில் ஹாட்பாக்ஸ். திறந்தால் இட்லி. கை தானாகப் போய்விட்டது. ஒரே ஒரு இட்லி, சட்னிகூட இல்லாமல். விழுங்கிய பிறகுதான் அது யார் கை இட்லி என்று உறைத்தது.

மறுநாள் காலை பட்டறையின் கழிப்பறையில் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை அவள் அதற்குமுன் பட்டதில்லை. போன தடவை ஒரு தம்ளர் கஷாயம், இந்தத் தடவை ஒரே ஒரு இட்லி. இரண்டு தடவையும் முந்தின நாள் சாயங்காலம், இரண்டு தடவையும் விடிந்தால் கறை. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். சுனிலுக்குப் போன் போட்டாள், எங்கோ லிஃப்ட் குழிக்குள் இருந்தான் போலிருக்கிறது, எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு ஸ்கேனில் பிள்ளை இல்லை என்று சொல்லட்டும். நேரே வீட்டுக்குப் போய் அந்தம்மா முகத்துக்கு நேராகக் கேட்பேன். ஏன் செய்தே என்று கேட்பேன். சந்து முழுக்கக் கேட்கட்டும். கேட்கப்போகிற வார்த்தைகளை வழிநெடுக அடுக்கிக்கொண்டே போனாள்.

ப்ரியம்வதா அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே படுக்கச் சொன்னாள். அந்தக் குளிர்ந்த பசை வயிற்றில் பட்டதும் ஆக்னஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை.

"கண்ணைத் திறங்க. இதோ பாருங்க" என்று திரையைத் திருப்பினாள் டாக்டர்.

சாம்பல் நிற மங்கலுக்கு நடுவில் ஒரு சின்னப் பயறு. அதற்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அதுதான் இதயம். நல்லா அடிக்குது. இந்த மாதிரிக் கறை நிறையப் பேருக்குப் படுங்க, எல்லாம் கலையறதில்லை. சிவப்பா, அதிகமா வந்தா மட்டும் உடனே வந்துடுங்க." மெஷினில் இரண்டு புள்ளி வைத்து அளந்தாள். "இருபத்து மூணு மில்லிமீட்டர். ஒன்பது வாரத்துக்கு ரொம்பச் சரியான வளர்ச்சி."

ஆக்னஸ் அழுதாள். அழுதுகொண்டே இருந்தவளின் காதில் அந்த அளவு மறுபடி கேட்டது. அவளுக்குப் பேர் மறக்கும், முகம் மறக்கும், அளவு மட்டும் மறக்காது.

"மேடம், போன தடவையும் ஒன்பது வாரத்துலதான் போச்சு. அப்ப ஸ்கேன் எடுத்தவங்க அஞ்சு மில்லிமீட்டர்னு நர்ஸ்கிட்ட சொன்னாங்க. என் காதால கேட்டேன். ஒன்பது வாரத்துப் பிள்ளை அவ்வளவுதான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அஞ்சா? அப்படின்னா அது ஆறாவது வாரத்திலேயே வளர்றது நின்னிருக்கும்."

"இல்லை மேடம், ரத்தம் வந்தது ஒன்பதாவது வாரத்துல."

"ரத்தம் அப்பத்தான் வரும். உள்ளே நின்னு ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் சிலபேருக்கு உடம்புக்கே தெரியும். பெரும்பாலும் கரு உருவாகும்போதே க்ரோமோசோம்ல ஏதாவது கோளாறு இருந்திருக்கும். நீங்க சாப்பிட்டதாலயோ, வண்டி ஓட்டினதாலயோ ஆகறதில்லைங்க."

"முந்தின நாள் ஒரு கஷாயம் குடிச்சேன்."

"முந்தின நாளா?" ப்ரியம்வதா பசையைத் துடைத்தபடியே சொன்னாள். "அதுக்கு மூணு வாரம் முன்னாடியே எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா."

ஆக்னஸ் எழுந்து உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுக்க ஊசியை அளந்தவள், அந்த ஒரு அளவை மட்டும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இரண்டு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். ஒன்பது வாரத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாரையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை, அவளுக்கு ஆள் கிடைத்துவிட்டதால் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டு வந்தது, இன்னொரு பக்கம் குறுகுறுப்பு. பாவம் கிழவி என்று முதல்முறையாகத் தோன்றியது. போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட வேண்டும். எத்தனை நாள் மருமகளின் முறைப்பைப் பார்த்து, நம் கஷாயத்தால்தான் போயிற்றோ என்று உள்ளுக்குள் புழுங்கியிருப்பாள். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கலாம் என்று நினைக்க ஆக்னஸுக்கே தான் ரொம்ப நல்லவளாகத் தெரிந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அடுப்படித் தரையில், சுவரில் சாய்ந்தபடி அன்னம்மாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை! என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கிறுகிறுன்னு வந்துச்சு."

சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று ஆக்னஸுக்குப் புரிந்தது. ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, தலையைத் தாங்கிக் குடிக்கவைத்தாள். கொஞ்சநேரத்தில் நடுக்கம் அடங்கியது.

"காலையில சாப்பிட்டீங்களா?"

அன்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி?"

"நீ கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் அன்னம்மாள். திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையைப் போலப் பார்த்தாள். "நீ ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து நானும் ஒருசந்திதான். சபீனாவுக்கு மட்டும் தெரியும். சுகர் இருக்குதே, நீ வேணாம்னு சொல்லிடுவேன்னுதான் சொல்லல. மத்தியானம் மட்டும் துளி கஞ்சி. ராத்திரி நீ குடுக்கற சோத்தைப் பின்னால நாய்க்கு வச்சிடுவேன்."

"எதுக்கு அத்தை?"

"என்னா எதுக்கு? சும்மாதான்னு நீ சொன்னா எனக்குத் தெரியாதா, என்னா கருத்துக்கு இருக்கறேன்னு? வேலைக்கும் போயிட்டு நீ பட்டினி கெடக்கறே. ஒருத்தி கேட்டா ஆண்டவர் குடுக்கலன்னா ரெண்டு பேரா கேக்கலாம்னு..." மூச்சு வாங்கியது. "சபீனாவுக்குத்தான் இல்லன்னு ஆயிடுச்சு. உனக்காவது ஒரு பிள்ளை வேணாமா?"

ஆக்னஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் தின்ற பிஸ்கட்டும் வாழைப்பழமும் கடலையும் ராத்திரிச் சப்பாத்தியும் ஒவ்வொன்றாகத் தொண்டைக்கு வந்தன. இந்த அம்மாளைப் பட்டினி போட்டது தான் சொன்ன பொய்.

"அத்தை, நான் ஒருசந்தியே இல்ல. பொய் சொன்னேன். முழுகாம இருக்கேன். ஒன்பது வாரம். இப்பத்தான் ஸ்கேன்ல பாத்துட்டு வரேன், இதயம் அடிக்குது."

அன்னம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு கையாலும் ஆக்னஸின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "மாதாவே, என் தாயே" என்று சிரிப்பும் அழுகையுமாகப் புலம்பினாள். பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூணு மாசம் முடியாமல் வெளியே சொல்லாதது நல்லதுதான் என்று அவளே சமாதானமும் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆக்னஸுக்கு மனசு நெகிழ்ந்து மடை உடைந்துபோயிற்று. மிச்சத்தையும் சொல்லிவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நினைத்தாள்.

"இன்னொண்ணும் டாக்டர் சொன்னாங்க அத்தை. போன தடவை போனது உங்க கஷாயத்தால இல்லவே இல்லையாம். அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ளே நின்னுபோச்சாம். நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

அன்னம்மாள் சிரித்த முகத்தோடே கேட்டாள்.

"எந்தக் கஷாயம்மா?"

இந்த அம்மாளுக்கு ஞாபகமே இல்லை. இவள் புழுங்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. தன்மேல் இப்படி ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்ததே அவளுக்குத் தெரியாது. விடுதலைத் தீர்ப்பைப் படிக்கப்போய்க் குற்றப்பத்திரிகையைப் படித்தாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல அத்தை..."

"இரு." அன்னம்மாள் கையை உயர்த்தினாள். யோசித்தாள். "வயிறு உப்பிக்கிச்சுன்னு அன்னிக்கு ஓமம் போட்டுக் குடுத்தேனே, அதுவா? கறுக வறுத்துட்டேன்னு கசந்துச்சா உனக்கு?" மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. டீயும் டிபனும் தண்ணீர் பாட்டிலும் ஒவ்வொன்றாக அவளுக்குள் போய் உட்காருவதை ஆக்னஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்க வழியில்லை.

"அதனாலதான் நீ என் கையால டீ குடிக்கல" என்றாள் அன்னம்மாள். "எனக்கு வயசாகி கைப்பக்குவம் போயிடுச்சுன்னு நெனச்சேன் நான். சபீனாகிட்டகூடச் சொன்னேன், என் சமையல் இப்பல்லாம் ஆக்னஸுக்குப் பிடிக்கலடின்னு."

"அத்தை, மன்னிச்சிடுங்க அத்தை."

"கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை, ஏன் குடுத்தேன்னு கேட்டிருக்கலாமே." கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் ஆக்னஸ் பிழைத்திருப்பாள். "பிள்ளையைக் கொன்னவள்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வருசமா அடுத்த ரூம்ல எப்படிம்மா தூங்கினே?"

ஆக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூங்கல, அத்தை" என்றாள்.

அன்னம்மாள் சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. ஆக்னஸ் தாங்க வந்தபோது அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"நீ வெயிட் தூக்கக்கூடாது" என்றாள். "சுனில் வரட்டும்."